டெத் வேலிக்குக் குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்காவான டெத் வேலிக்குக் கிளம்பும்போது தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "சென்னை மே மாதத்தையே பார்த்தாச்சு, இது என்ன பெரிய வெயில்?" முதல் தடவை நாங்களும் அந்த நினைப்போடுதான் போனோம். அதுதான் தப்பு. சென்னையில் வேர்க்கும், சட்டை முதுகில் ஒட்டும், உடம்பு தானாகவே தண்ணீர் கேட்கும். டெத் வேலிக் காற்றில் ஈரமே கிடையாது. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் சட்டை மொடமொடவென்று உலர்ந்தே இருக்கும், பிள்ளைகள் "எனக்குத் தாகமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள், இரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி என்று சுருண்டு படுப்பார்கள். எங்கள் சின்னவனுக்கு அப்படித்தான் ஆனது. அது மார்ச் மாதம், வெயில் 30 டிகிரிகூட இல்லை.

அதனால் இந்தப் பயணத்துக்கு நம் ஊர் வெயில் அனுபவம் உதவாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களாகப் போனால் மிக அருமையான இடம். பிள்ளைகள் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம் குடும்பங்களில் பள்ளி விடுமுறை கோடையில்தான், ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதும் பெரும்பாலும் கோடையில்தான். ஆகவே ஜூன், ஜூலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகத் தோன்றும். வேண்டாம். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 47 டிகிரி செல்சியஸ், இரவில்கூடச் சராசரி 31 டிகிரி. 1913 ஜூலை 10 அன்று பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலக சாதனை. காற்றைவிடத் தரை மோசம். 1972 ஜூலையில் அதே இடத்தில் தரையின் வெப்பம் 94 டிகிரிக்கு அருகில் பதிவானது, கிட்டத்தட்ட தண்ணீர் கொதிக்கிற சூடு. ரப்பர் செருப்போடு மணலில் இறங்குகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். வெயில் மிகக் கடுமையாக இருக்கும்போது காற்று லேசாகிவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போவதும் உண்டு.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான் குடும்பத்தோடு போகிற காலம். ஜனவரியில் பகல் 19, 20 டிகிரி, இரவு 4 டிகிரிக்கு இறங்கும். மார்ச்சில் பகல் 28, இரவு 13. தேங்க்ஸ்கிவிங் வாரம், ஜனவரி, பிப்ரவரியில் வரும் மூன்று நாள் வார இறுதிகள், ஸ்பிரிங் பிரேக் எல்லாம் தோதானவை, ஆனால் கூட்டமும் அப்போதுதான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை கிடைப்பதே கஷ்டம். முடிந்தால் டிசம்பர் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போட்டுவிட்டுப் போங்கள், சாலையே உங்களுக்கு என்றிருக்கும்.

தேதி குறிக்கும்போது வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை ஒரு தடவை பாருங்கள், அமாவாசை எப்போது என்று. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இருண்ட வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா இது. அமாவாசையை ஒட்டிய இரவில் பால்வெளி கண்ணுக்கு நேராகத் தெரியும். பௌர்ணமியில் போனால் உப்புவெளியும் மணல்மேடும் நிலவில் பளபளக்கும், அதுவும் அழகுதான், ஆனால் நட்சத்திரம் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். பூக்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1998, 2005, 2016 போல எப்போதோ ஒரு வருஷம்தான் பள்ளத்தாக்கு முழுக்கப் பூக்கும். மழை முன்கூட்டியே சரியாகப் பெய்திருந்தால்தான் அது நடக்கும்.

எங்கே தங்குவது

ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பனமிண்ட் ஸ்பிரிங்ஸ். பூங்காவுக்குள் தங்க இந்த மூன்று ஊர்தான், ஊர் என்றால் விடுதி, பெட்ரோல் பங்க், ஒரு சின்னக் கடை, அவ்வளவு. முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் அதிகம் செலவானாலும் ஃபர்னஸ் கிரீக்கிலேயே தங்குங்கள் என்பேன். முக்கியமான இடங்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன, நடுப்பகலில் அறைக்குத் திரும்பிப் படுக்க முடியும். அங்குள்ள ராஞ்ச் விடுதியின் நீச்சல்குளம் ஊற்று நீரால் நிரம்புவது, பிள்ளைகளை வெளியே கூப்பிடுவதே பெரும்பாடு. வெளியே பீட்டி, பாரம்ப் ஊர்களில் அறை மலிவு, ஆனால் போக வர இரண்டு மணி நேரம் காரிலேயே கழியும், சூரியோதயம் பார்ப்பதும் கைவிட்டுப் போகும்.

கூடாரம் போடுவதாக இருந்தால் ஃபர்னஸ் கிரீக் முகாமைக் குளிர்காலத்துக்கு முன்பதிவு செய்யலாம். கடல் மட்டத்துக்கும் சுமார் 60 மீட்டர் கீழே படுத்துத் தூங்குவீர்கள். ஆனால் ஒன்று, காற்று. வசந்தகாலத்தில் மாலை நேரத்தில் திடீரென்று அடிக்கும். நாங்கள் கூடாரத்தை நிறுத்திவிட்டு, தரை சரளைக்கல்லாக இருந்ததால் முளை இறங்காமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சமையலில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் கூடாரம் உருண்டு உருண்டு பக்கத்துக் குடும்பத்தின் மேசையில் போய் நின்றது. கனமான இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் எடுத்துப் போங்கள், கூடாரத்தை நிறுத்துவதற்கு முன்பே உள்ளே படுக்கை, பை என்று கனத்தைப் போடுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுத்தான் பிள்ளைகள் காலில் மாட்ட வேண்டும், தேள் இருக்கிற ஊர்.

பெரியவர்களைக் கூட்டிப் போனால் கூடாரம் வேண்டாம். 4 டிகிரிக் குளிரில், இருட்டில், கழிப்பறைக்கு நடப்பது அவர்களுக்குச் சிரமம்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 12 காலன், அதற்கு மேல் காருக்கென்று இரண்டு மூன்று காலன். அதிகமாகத் தெரியும், ஆனால் இதில் குறைக்காதீர்கள். பள்ளத்தாக்குக்குள் விலை கூடுதல் என்பதால் வழியில் பாரம்ப் அல்லது ரிட்ஜ்கிரெஸ்டில் பெரிய கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் குழாயிலும் பிடித்துக்கொள்ளலாம்.

குழந்தைகளிடம் "தண்ணீர் வேணுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பாட்டிலைக் கையில் கொடுத்து இரண்டு மடக்குக் குடிக்க வைப்பதுதான் வழி. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது தாகத்தைவிட நம்பகமான அடையாளம்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். வேர்வையில் உப்பும் போகிறது, உடம்பில் உப்பு குறைந்தால் அதே தலைசுற்றல், அதே வாந்தி. இந்த விஷயத்தில் நம் சமையலறை கைகொடுக்கும்: முறுக்கு, மிக்சர், உப்புக் கடலை, ஊறுகாய், உப்புப் போட்ட நீர்மோர். ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்த எலக்ட்ரால் பாக்கெட் நாலைந்து பையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரிவதற்கோ மாத்திரை எடுக்கிற பெரியவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே சைவச் சாப்பாடு குறைவு, விலையும் அதிகம். முதல் நாளுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், ஐஸ்பெட்டியில் தயிர். சப்பாத்தியை மூடியே வையுங்கள். தட்டில் எடுத்து வைத்துவிட்டு ஒரு போன் படம் எடுத்துவிட்டு வந்தேன், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உடைந்தது. காற்று அவ்வளவு வறட்சி. உதட்டுக்கும் இதே கதிதான், வாஸ்லைன் ஆளுக்கொன்று வையுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, அகலமான தொப்பி, மூடிய ஷூ, இரவுக்கு ஸ்வெட்டர். மற்றபடி உடைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கார்

லாஸ் வேகாஸிலிருந்து ஃபர்னஸ் கிரீக் சுமார் 120 மைல், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம். வரைபடத்தைப் பார்த்தால் யோசமிட்டி வழியாக டியோகா கணவாயைத் தாண்டுவது குறுக்குவழி போலத் தெரியும். குளிர்காலத்தில் அது பனியால் மூடிக்கிடக்கும், தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு சுற்றித்தான் வர வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் ரிட்ஜ்கிரெஸ்டில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் உள்ளே நுழைவது நல்லது.

முக்கியச் சாலைகள் எல்லாம் நல்ல தார்ச்சாலைகள், சாதாரண செடான் போதும். டயர், கூலண்ட், ஸ்டெப்னி மூன்றையும் கிளம்புவதற்கு முன்பு பார்த்துவிடுங்கள். உள்ளே பெட்ரோல் விலை வெளியே உள்ளதைவிட மிக அதிகம், அதனால் வெளியூரிலேயே டேங்க் நிரப்புங்கள், பாதிக்குக் கீழே போனால் விலையைப் பார்க்காமல் உள்ளே போட்டுவிடுங்கள். இது பூங்காவா மாவட்டமா என்று தோன்றும் அளவுக்குப் பெரியது, 13,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் ஒரு மணி நேரம் ஆகும். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் உள்ளே வேகமான சார்ஜர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பீட்டியில் டெஸ்லா சூப்பர்சார்ஜர் இருக்கிறது, அதை வைத்துத் திட்டமிடுங்கள். நீண்ட ஏற்றங்களில் வெயில் நேரத்தில் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகை இருக்கும், அணைத்துவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஃபர்னஸ் கிரீக்கையும் ஸ்டோவ்பைப் வெல்ஸையும் தாண்டினால் போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், பார்வையாளர் மையத்தில் காகித வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். காட்டுகிறதே என்று மண்சாலையில் திரும்பிச் சிக்கிக்கொண்டு உயிரையே விட்டவர்கள் உண்டு. பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் இதற்கு "ஜி.பி.எஸ். சாவு" என்றே பேர் வைத்திருக்கிறார்கள். கார் நின்றுபோனால் காரை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு மனிதனைவிடக் கார்தான் முதலில் படும், நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும். புதிய ஐஃபோன்களில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். அதை வீட்டிலேயே ஒரு தடவை பழகிப் பாருங்கள். எந்த நாளில் எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு நண்பரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நுழைவாயிலில் யாரும் மறித்துச் சீட்டுக் கேட்க மாட்டார்கள். நாமாகவே தானியங்கி இயந்திரத்திலோ பார்வையாளர் மையத்திலோ கட்ட வேண்டும், கார்டு தயாராக இருக்கட்டும். நாங்கள் கட்டியபோது ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், காருக்குள் எத்தனை பேர் இருந்தாலும் அதே தொகைதான். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருஷம் தேசியப் பூங்காக்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. கிளம்புவதற்கு முன்பு இணையத்தில் எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது

அடிப்படை ஒன்றுதான்: காலை பத்து மணிக்குள் ஒரு இடம், மூன்றரைக்கு மேல் ஒன்றிரண்டு இடம், நடுவில் ஓய்வு. குளிர்காலத்திலும் இப்படியே செய்யுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை, நடுப்பகலில் அங்கே எல்லாமே வெளுத்துத் தட்டையாகத் தெரியும், மலையின் நிறமே காணாமல் போகும்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்ததும் பார்வையாளர் மையம். அன்று எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இது முக்கியம். வருஷத்துக்கு இரண்டு அங்குல மழை பெய்கிற இடம், ஆனால் 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின்போது ஒரே நாளில் அவ்வளவும் கொட்டிச் சாலைகளை அறுத்துப் போட்டது, சில மாதம் பேட்வாட்டர் உப்புவெளியில் ஏரியே நின்றது. மலைமேல் மேகம் கறுத்தால் பள்ளமான ஓடைப் பாதைகளில் நடக்கக் கூடாது. அங்கேயே பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை வாங்கிக்கொடுங்கள். அதில் உள்ளதைச் செய்து முடித்தால் ரேஞ்சர் உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் தருவார். அந்த பேட்ஜுக்காக எங்கள் பெரியவள் காரில் ஐபேட் கேட்காமல் இரண்டு நாள் இருந்தாள்.

மாலையில் ஸ்டோவ்பைப் வெல்ஸ் அருகே மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடு. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே மணல் தொடங்கும், உயரமான மேடு 30 மீட்டர் இருக்கும். ஏறி உருள்வதுதான் அங்கே வேலை. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், மணலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆளுக்கொரு டார்ச் அவசியம்.

இரண்டாம் நாள் விடிவதற்கு அரை மணி முன்பே ஸப்ரிஸ்கி பாயிண்ட் என்ற காட்சிமுனை. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக் காரில் போடுங்கள். முதலில் எதிரே பனமிண்ட் மலை உச்சி ரோஜா நிறமாகும், பிறகு அந்த வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கி, மஞ்சளும் பழுப்புமாக மடிப்பு மடிப்பாக இருக்கும் களிமண் குன்றுகளுக்கு வரும். அப்படியே பக்கத்தில் கோல்டன் கேன்யன், ஒரு மைல் உள்ளே போய்த் திரும்பினால் சின்னக் கால்களுக்குப் போதும். பத்து மணிக்கு அறைக்கு வந்துவிடுங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பி நேராகத் தெற்கே 17 மைல், பேட்வாட்டர். திரும்பும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் தெற்கிலிருந்து வடக்கே போகிற ஒருவழிப் பாதை. பேட்வாட்டர் முடித்துத் திரும்பும்போது நுழைந்தால் சாயங்கால வெளிச்சம் அந்தப் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புப் பாறைகள்மேல் சரியாக விழும்.

பேட்வாட்டரில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். இறங்கியதும் பின்னால் திரும்பி மலைச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அண்ணாந்து பார்த்தால் பாறையில் "கடல் மட்டம்" என்று ஒரு பலகை தெரியும். "அவ்வளவு உசரத்துல தண்ணி இருக்கணுமா?" என்று சின்னவன் கழுத்து வலிக்க நின்றான். முன்புறம் ஆட்கள் மிதித்து மிதித்து உப்பு தட்டையாகிப்போயிருக்கும், அதோடு திரும்பிவிடாமல் இன்னும் இருபது நிமிடம் உள்ளே நடங்கள். அங்கேதான் உப்பு அறுகோணம் அறுகோணமாக, விளிம்பில் விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டியதுபோல எழும்பியிருக்கும். குனிந்து தொட்டால் விளிம்பு நொறுநொறுவென்று உதிரும். வாயில் வைத்தால் சமையல் உப்பேதான். அத்தை ஒரு பொருக்கை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "வேதாரண்யம் உப்பளத்துல நிக்கிற மாதிரியே இருக்கேம்மா" என்றார். கிட்டத்தட்ட அதே கதைதான்: பனியுகத்தில் இங்கே பெரிய ஏரி இருந்தது, தண்ணீர் வெளியேற வழியில்லை, வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப் போனது. ஒரு துண்டுகூட வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, கல்லுக்கும் இதே விதிதான். டிரோனும் பறக்கவிடக் கூடாது.

இரவு ஹார்மனி போராக்ஸ் ஒர்க்ஸ் பக்கம் போய் காரை அணைத்துவிட்டு உட்காருங்கள். 1880களில் வெண்காரம் காய்ச்சிக் கோவேறு கழுதை வண்டிகளில் ஏற்றிய இடம். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டால் கண் இருட்டுக்குப் பழகும், இருபது நிமிடம் போனைத் தொடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மலைமேல் இருக்கும் டான்டேஸ் வியூ காட்சிமுனை, 1,669 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட 14 டிகிரிவரை குளிராக இருக்கும், எல்லா ஸ்வெட்டரையும் மேலே எடுத்துப் போங்கள். நேற்று நடந்த உப்புவெளி காலடியில் செங்குத்தாகக் கீழே கிடக்கும், நிறுத்தியிருக்கும் கார்கள் கடுகு மாதிரி. எதிரே 3,368 மீட்டர் உயர டெலஸ்கோப் சிகரத்தில் பனி. லாஸ் வேகாஸ் போகிறவர்களுக்கு இது வழியிலேயே வருகிறது. மேற்கே திரும்புகிறவர்கள் நேரமிருந்தால் வடக்கே யூபஹீபி எரிமலைப் பள்ளத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து 27 மைல் தள்ளி, கல் தானாக நகர்கிற ரேஸ்டிராக் வறண்ட ஏரி இருக்கிறது என்று ஆசை வரும். கூரான கற்கள் நிறைந்த அந்தச் சாலையை முதல் பயணத்தில், பிள்ளைகளோடு, வாடகைக் காரில் தொடாதீர்கள்.

இன்னொன்று. ஃபர்னஸ் கிரீக்கில் விடுதிகளுக்கு அருகே டிம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்த ஊர், சாவின் பெயரை வைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1933இல் அரசு இதை எடுத்துக்கொண்டு, 2000இல்தான் சட்டம் போட்டு ஒரு பகுதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் வீடுகளுக்குள் காரை ஓட்டிப்போய்ப் படம் எடுக்காதீர்கள். இதைப் பிள்ளைகளிடம் அங்கே வைத்தே சொல்லுங்கள், எங்கள் பெரியவள் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

கிளம்புகிற அன்று ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தைக் கொடுத்து பேட்ஜ் வாங்க மறந்துவிடாதீர்கள். மையம் மாலை ஐந்துக்கெல்லாம் மூடிவிடும். அதனால் டான்டேஸ் வியூ போவதற்கு முன்பே, காலை திறந்ததும் அதை முடித்துவிடுங்கள்.